ஒரே வீடு, வேறு வேறு பிள்ளைகள்: ஹோம்ஸ்கூலிங் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதும் பிள்ளைக்கேற்ப மாற்றிக்கொள்வதும்

வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்ததும் முதலில் தலையைச் சுற்ற வைப்பது பாடத்திட்டம்தான். அத்தனை இருக்கின்றன. ஒன்றை ஒரு அம்மா 'இதைவிடச் சிறந்தது இல்லை' என்று பாராட்டியிருப்பார். அதையே இன்னொருவர் 'பாதியிலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டோம்' என்று எழுதியிருப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பிள்ளைகள் வேறு, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் எதையும் வாசித்தே புரிந்துகொள்வான். எழுதச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். இளையவள் பக்கம் பக்கமாக எழுதுவாள். கணக்கில் இலக்கங்கள் நழுவும். ஒரே தொகுப்பை இருவருக்கும் பொருத்தப் படாத பாடு பட்டோம். புதிதாகத் தொடங்குகிற நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போகவேண்டாம் என்பதற்காகவே இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. புத்தகத்துக்கு முன்னால் சட்டத்தைப் பாருங்கள்

நீங்கள் வசிக்கும் இடத்தில் ஹோம்ஸ்கூலிங்குக்கு என்ன விதி என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு புத்தகம்கூட வாங்காதீர்கள். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆகவேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு: டெக்சாஸில் அரசுக்குத் தகவல்கூடத் தரவேண்டியதில்லை, நியூயார்க்கிலோ ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கைகளும் தரவேண்டும். இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் பெற்றோருக்கு இல்லை.

விதியை வாசிக்கும்போது நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடங்கள் கட்டாயம்? ஆண்டுக்கு இத்தனை நாள், இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டா? மதிப்பீடு உண்டா, உண்டென்றால் யார் செய்வார்கள்? என்னென்ன பதிவுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? அரசின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பாருங்கள். தெரிந்தவர் சொன்னது போன வருஷத்து விதியாக இருக்கலாம்.

பிள்ளை இப்போது பள்ளியில் இருந்தால், விலகும் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ், முந்தைய மதிப்பெண் அறிக்கைகள், சிறப்புக் கல்வி மதிப்பீடு எதுவும் செய்திருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் தேடிப் போனால் அலைச்சல்.

2. பிள்ளையைக் கவனித்து எழுதிவையுங்கள்

பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குச் சில வாரங்களாவது இடைவெளி கொடுங்கள். அந்த நாட்கள் வீணாகாது, உங்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கவனியுங்கள்.

கேட்டால் புரிகிறதா, வாசித்தால் புரிகிறதா என்பதைவிட முக்கியமான கேள்விகள் உண்டு. எந்த இடத்தில் எழுந்து போகிறான்? தெரிந்த விஷயத்தைச் சொல்லும்போது வாயால் சொல்வதற்கும் எழுதிக் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்? கணக்கில் தவறு வரும்போது, முறை தெரியாமல் வருகிறதா, முறை தெரிந்தும் வரிசை குழம்பி வருகிறதா? காலையில் சுறுசுறுப்பா, மாலையிலா? ஒரு பக்கத்தில் நிறையப் படமும் வண்ணமும் இருந்தால் ஆர்வம் வருகிறதா, கவனம் சிதறுகிறதா?

இங்கே ஓர் எச்சரிக்கை. 'உங்கள் பிள்ளை பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா' என்று பத்துக் கேள்வி கேட்டு முத்திரை குத்தும் தேர்வுகள் இணையத்தில் நிறைய உண்டு. அதை வைத்துப் பாடத்திட்டம் வாங்காதீர்கள். அந்த வகைக்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று 2008-ல் உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட மீளாய்வு சொல்கிறது. முத்திரையைவிட, 'இந்தப் பாடத்தில், இந்த இடத்தில் தடுமாறுகிறாள்' என்ற உங்கள் குறிப்புதான் பயன்படும்.

வாசிப்பில் எழுத்தும் ஒலியும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன, மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பிள்ளை என்றால், புத்தகத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். இருந்தால் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் வழியிலான, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகக் கண், காது, கை மூன்றாலும் கற்பிக்கும் திட்டங்கள் தனியே உண்டு. மதிப்பீட்டுக்குப் பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தவுடன் பெயர் கொடுத்துவிடுங்கள்.

3. வகுப்பு எண்ணைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, எல்லாப் பாடமும் சேர்ந்து வரும் ஐந்தாம் வகுப்புப் பெட்டியை அப்படியே வாங்குவதுதான் மிகவும் பொதுவான பொறி. ஒரே பிள்ளை வாசிப்பில் இரண்டு வகுப்பு முன்னாலும் கணக்கில் ஒரு வகுப்பு பின்னாலும் இருக்கலாம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வீட்டில் படிப்பதன் பெரிய வசதியே அதுதான்.

கணக்குக்கும் மொழிக்கும் பெரும்பாலான பதிப்பாளர்கள் நிலை அறியும் தேர்வை, அதாவது பிளேஸ்மென்ட் டெஸ்ட்டை, இலவசமாகத் தருகிறார்கள். வாங்க நினைக்கும் திட்டத்தின் தேர்வையே கொடுங்கள். ஒரு திட்டத்தின் மூன்றாம் நிலையும் இன்னொன்றின் மூன்றாம் நிலையும் ஒன்றல்ல. நேரம் குறிக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து உதவாதீர்கள், ஆனால் எப்படிச் செய்கிறான் என்று பாருங்கள். விடை சரியாக இருந்தும் ஒவ்வொரு கூட்டலுக்கும் விரல் விட்டு எண்ணினால், அந்த நிலைக்கு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். இரண்டு நிலைகளுக்கு நடுவில் நின்றால் கீழ் நிலையையே எடுத்து வேகமாகப் போங்கள்.

வாசிப்புக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் தனியாக வாசிக்கக் கடினம். நீங்கள் வாசித்துக் காட்டலாம்.

வீட்டில் தமிழ், புத்தகம் ஆங்கிலம் என்றால் இன்னொன்றையும் சோதியுங்கள். வாசகக் கணக்கில் தடுமாறினால் அதே கணக்கைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சட்டென்று போட்டுவிட்டால் பிரச்சினை மொழியில்தான். கணக்கில் கீழ் நிலைக்கு இறக்க வேண்டாம்.

4. எந்த மாதிரியான திட்டம் என்று முடிவெடுங்கள்

எல்லாப் பாடமும் ஒரே பெட்டியில் வரும் முழுத்தொகுப்பு, பாடவாரியாகத் தனித்தனியே வாங்கிச் சேர்ப்பது, இணையவழி வகுப்பு என்று மூன்று வழிகள். முதல் ஆண்டில் என் பரிந்துரை: கணக்கு, மொழி இரண்டுக்கும் மட்டும் ஒழுங்கான திட்டம் வாங்குங்கள். அறிவியல், வரலாறு இரண்டையும் நூலகப் புத்தகங்களோடு தொடங்கலாம். உங்களுக்கு வேலை நேரம் நெருக்கடி, தினமும் திட்டமிட நேரமில்லை என்றால் முழுத்தொகுப்பு நிம்மதி தரும். அதைத் தவறென்று சொல்லமாட்டேன்.

முறைகளின் பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சார்லட் மேசன் முறை என்றால் சிறு சிறு பாடங்கள், உயிரோட்டமான புத்தகங்கள், வாசித்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. மாண்டிசோரி என்றால் கையால் தொட்டுச் செய்யும் கருவிகள், பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் வேலை. யூனிட் ஸ்டடி என்றால் ஒரு தலைப்பைச் சுற்றிப் பல பாடங்களைக் கோப்பது. அன்ஸ்கூலிங் என்றால் பிள்ளையின் ஆர்வமே பாடத்திட்டம். எந்த ஒரு கொடிக்குக் கீழும் நிற்கவேண்டிய அவசியம் இல்லை.

கணக்கில் மட்டும் ஒரு வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், அதில்தான் பணம் வீணாகிறது. சில திட்டங்கள் ஒரு தலைப்பை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். மேத்-யூ-சீ இந்த வகை. சில திட்டங்கள் தினமும் கொஞ்சம் புதிது, நிறையப் பழையது என்று சுற்றிச் சுற்றி வரும். சாக்ஸன் இந்த வகை. கற்றதைச் சீக்கிரம் மறக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வகை துணை நிற்கும். ஒரு நாளில் ஐந்து விதமான கணக்கு வந்தால் குழம்பும் பிள்ளைக்கு முதல் வகை நல்லது. சிங்கப்பூர் கணக்கு முறை பொருளில் தொடங்கி, படத்துக்குப் போய், அப்புறம் எண்ணுக்கு வரும்; ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குப் பிடிக்கும். ஆனால் அதன் ஆசிரியர் கையேட்டைத் தவிர்த்துவிட்டுப் பயிற்சிப் புத்தகத்தை மட்டும் வாங்கினால் அதன் சாரமே போய்விடும்.

இன்னொன்று: ஹோம்ஸ்கூலிங் தொகுப்புகளில் பல, குறிப்பிட்ட மதப் பின்னணியில் எழுதப்பட்டவை. உங்களுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் தெரிந்து வாங்குங்கள். மாதிரிப் பக்கங்களில் அறிவியலில் உயிர்களின் தோற்றம், வரலாற்றில் பண்டைய காலம் இரண்டையும் வாசித்தால் தெரிந்துவிடும்.

5. பணம்: கையைக் கடிக்கும் இடங்கள்

அட்டையில் போட்ட விலை மொத்தச் செலவு அல்ல. பாடநூல், ஆசிரியர் கையேடு, விடைநூல், பயிற்சிப் புத்தகம், தேர்வுத் தொகுப்பு, கணக்குக் கட்டைகள், அறிவியல் சோதனைப் பெட்டி எல்லாம் பெரும்பாலும் தனித்தனி விலை. வெளிநாட்டிலிருந்து வந்தால் அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேரும். பிடிஎஃப் மலிவு என்று வாங்கினால் அச்சிடும் செலவைக் கணக்குப் போடுங்கள். சில சமயம் அச்சுப் புத்தகமே மலிவாக முடியும்.

எது திரும்பப் பயன்படும், எது எழுதித் தீர்ந்துபோகும் என்று பிரித்து எழுதுங்கள். இரண்டாவது பிள்ளைக்குத் தீர்ந்துபோவதை மட்டும் வாங்கினால் போதும். பயிற்சிப் பக்கங்களை வீட்டுக்குள் நகலெடுக்க உரிமை உண்டா என்று உரிம வரியை வாசியுங்கள். ஒவ்வொரு பதிப்பாளருக்கும் விதி வேறு. இணையச் சந்தா பிள்ளைக்கு ஒன்றா, குடும்பத்துக்கு ஒன்றா என்று பாருங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை முதல் நாளே நிறுத்திவையுங்கள்.

பழைய புத்தகம் வாங்குவது நல்ல வழி. ஆனால் பாடநூல், பயிற்சிப் புத்தகம், விடைநூல் மூன்றும் ஒரே பதிப்பா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் கணக்கு எண்ணும் ஒத்துப்போகாது; தினமும் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். புதிதாக வாங்கினால், உறை பிரித்த பிறகு திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதையும் முதலில் பயன்படுத்திப் பாருங்கள். கான் அகாடமியில் கணக்கு தொடக்க நிலையிலிருந்தே இருக்கிறது. சிகே-12 அறிவியலுக்கும் கணக்குக்கும் நல்லது. உயர்நிலை வகுப்புகளின் கடைசியில் இருப்பவர்களுக்கு ஓபன்ஸ்டாக்ஸ் பாடநூல்கள் உண்டு. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் பழைய செவ்வியல் கதைகளை லிப்ரிவாக்ஸில் ஒலிவடிவில் கேட்க வைக்கலாம்.

வாங்குவதற்கு முன் மாதிரிப் பாடத்தை அச்சிட்டு ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். அப்படியே ஆசிரியர் கையேட்டின் ஒரு பக்கத்தை நீங்களும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். தினமும் அதை நடத்தப்போவது நீங்கள். உங்களுக்குச் சலிப்பூட்டும் புத்தகம் பிள்ளையிடம் உற்சாகமாகப் போய்ச் சேராது.

6. வாங்கியதைப் பிள்ளைக்கேற்ப மாற்றுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். புத்தகம் ஒத்துவரவில்லை என்று தோன்றியதும் புதிதாக வாங்க ஓடவேண்டாம். அளவு, வேகம், பாடம் உள்ளே போகும் வழி, விடை வெளியே வரும் வழி என்று நான்கு இடங்களில் கைவைக்கலாம். முதலில் அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அளவு: ஒரு பக்கத்தில் இருபது கணக்கு இருப்பது வகுப்பறைக்காக. வீட்டில் ஒற்றைப்படை எண் கணக்குகளை மட்டும் போடச் சொல்லுங்கள். அவை சரியாக வந்து, எப்படிச் செய்தான் என்று விளக்கவும் முடிந்தால் அன்றைக்கு முடிந்தது. தவறினால் இரட்டைப்படைக் கணக்குகள் நாளைக்கு இருக்கின்றன. பக்கத்தைப் பார்த்தாலே மிரளும் பிள்ளைக்கு ஒரு வெள்ளைத்தாளால் மற்றதை மறைத்து நான்கே நான்கை மட்டும் காட்டுங்கள்.

வேகம்: அத்தியாயத்தின் கடைசித் தேர்வை முதலிலேயே கொடுங்கள். பெரும்பாலானவை சரியென்றால் தவறியதை மட்டும் கற்பித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். வேகமான பிள்ளைக்கு அதே மாதிரிக் கணக்கை இன்னும் இருபது கொடுப்பது தண்டனை மாதிரிதான். கடினமான ஒன்றைக் கொடுங்கள், யோசிக்கட்டும். மெதுவான பிள்ளைக்கு ஒரு பாடத்தை இரண்டு மூன்று நாளாகப் பிரியுங்கள். பல தொகுப்புகள் 36 வாரம் என்று அட்டவணை போட்டிருக்கும். அது அவர்கள் வசதிக்கு. ஆகஸ்டில் தொடங்கிய கணக்குப் புத்தகம் அடுத்த அக்டோபரில் முடிந்தாலும் கற்றது கற்றதுதான்.

உள்ளே போகும் வழி: வாசிப்பு தடையாக இருந்தால் வரலாற்றையும் அறிவியலையும் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வாசிப்புப் பயிற்சியைத் தனியாக, அவன் நிலையில் நடத்துங்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டால், வாசிக்க முடியாத காரணத்தால் அறிவியலும் பின்தங்கும். கவனம் சீக்கிரம் சிதறினால் பாடத்தைச் சுருக்குங்கள். சார்லட் மேசன் முறையில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 15, 20 நிமிடத்தைத் தாண்டாது. வேறு முறையில் நடத்தினாலும் இதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

வெளியே வரும் வழி: எதைச் சோதிக்கிறோம் என்று உங்களையே கேளுங்கள். அறிவியலில் சோதிப்பது அறிவியலை. கையெழுத்தையும் எழுத்துக்கூட்டலையும் வேறு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். என் மகனுக்கு எரிமலை பற்றி மூன்று வரி எழுத அரை மணி நேரம் ஆகும். அதையே வாயால் சொல்லச் சொன்னால் பாறைக்குழம்பில் கரைந்த வாயு மேலே வரும்போது ஏன் பொங்குகிறது என்பது வரை நிறுத்தாமல் சொல்வான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பிறகு அதில் இரண்டு வாக்கியத்தை மட்டும் அவன் பார்த்து எழுதினான். தட்டச்சு பழகிய பிறகு அந்த உதவியும் தேவைப்படவில்லை.

கணக்கில் ஓர் உதாரணம். 816-ஐ 4-ஆல் வகுக்கச் சொன்னால் என் மகள் 24 என்று எழுதுவாள். முறை அவளுக்குத் தெரியும். நடு இலக்கம் 1. அதில் 4 போகாது என்று அடுத்த இலக்கத்தை இறக்கிவிடுவாள், மேலே 0 போட விட்டுப்போகும். புத்தகம் மாற்றவில்லை, கூடுதல் பயிற்சியும் கொடுக்கவில்லை. கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தோம். கோடுகள் நெடுக்காக நின்றன. ஓர் இலக்கத்துக்கு ஒரு பத்தி. 2 எழுதி, அடுத்த பத்தியைத் தாண்டி 4 எழுதியதும் அவளே நிறுத்தி, "இங்க ஒண்ணும் எழுதலையேம்மா" என்றாள். 204 வந்துவிட்டது. கட்டம் போட்ட நோட்டு இருந்தால் அதுவே போதும்.

7. இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால்

கணக்கும் மொழியும் ஆளுக்குத் தனி. வரலாறு, அறிவியல், கலை, சத்தமாக வாசிக்கும் கதை எல்லாம் எல்லோருக்கும் சேர்த்து. ஒரே பாடத்தை வாசித்துவிட்டு, சிறியவர் படம் வரைவார், நடுப்பிள்ளை வாயால் சொல்வார், பெரியவர் ஒரு பத்தி எழுதுவார். எல்லோருக்கும் எல்லாப் பாடத்திலும் தனித்தனி வகுப்புப் பெட்டி வாங்கினால் நாள் முழுக்க நீங்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஓடிக்கொண்டே இருப்பீர்கள்.

உங்கள் துணை அதிகம் தேவைப்படும் பிள்ளையின் கடினமான பாடத்தைக் காலையில் முதலில் வையுங்கள். அந்த நேரத்தில் மற்றவர் தனியாகச் செய்யக்கூடிய வேலை தயாராக இருக்கட்டும்.

8. எப்போது நிஜமாகவே புத்தகத்தை மாற்றவேண்டும்

ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். முதல் இரண்டு வாரத்து முனகல் பழக்கமின்மையாக இருக்கலாம். மேலே சொன்ன நான்கையும் மாற்றிப் பார்த்த பிறகும் தினமும் அழுகை, அல்லது அழுகையே இல்லாமல் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்றால், மாற்றுங்கள். மீதிப் பக்கங்களுக்காகக் கொடுத்த பணத்தை நினைத்து இழுக்காதீர்கள்.

கணக்கில் மட்டும் நடு ஆண்டில் தாவும்போது கவனம். திட்டங்களின் பாட வரிசை வேறு வேறு. புதிய திட்டம் பின்னத்தை ஏற்கனவே முடித்திருக்கும், நீங்கள் விட்டுவரும் திட்டம் இன்னும் தொட்டிருக்காது. புதிய திட்டத்தின் நிலை அறியும் தேர்வை மறுபடி கொடுத்து, விடுபட்டதை மட்டும் தனியாக நடத்திவிட்டுச் சேருங்கள்.

9. பதிவுகளும் பொதுத்தேர்வும்

சட்டம் கேட்காவிட்டாலும் பதிவு வையுங்கள். ஆண்டுக்கு ஒரு கோப்பு போதும்: பயன்படுத்திய புத்தகங்களின் பட்டியல் பதிப்புடன், வாசித்த நூல்கள், வருகைக் குறிப்பு, ஒவ்வொரு பாடத்திலும் ஆண்டின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று மாதிரிகள். தேதி போடுங்கள். பாடத்தை மாற்றி நடத்தினால் அதையும் ஒரு வரி எழுதிவையுங்கள்: 'வாய்வழி விடை', 'கூடுதல் நேரம்' என்று. இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். வாரக்கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கினால் முடியும். ஆண்டுக் கடைசியில் ஒரேயடியாகச் செய்ய உட்கார்ந்தால் பாதி தொலைந்திருக்கும்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதாகும்போதே எந்தப் பொதுத்தேர்வு என்று யோசியுங்கள். அதுவரை இருந்த சுதந்திரம் இங்கே கொஞ்சம் குறையும். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசப் பொதுத்தேர்வு) போன்ற தேர்வை எழுதத் தனித்தேர்வர்களை ஏற்கும் மையம் ஒன்றைப் பிடிக்கவேண்டும். எல்லா மையமும் ஏற்காது. தேர்வுக் கட்டணத்துக்கு மேல் மையம் தனிக் கட்டணம் வாங்கும். மே–ஜூன், அக்டோபர்–நவம்பர் என்று தேர்வுப் பருவங்கள் இருந்தாலும் பதிவு பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். பாடத்திட்ட ஆவணத்தைத் தேர்வு எழுதப்போகும் ஆண்டைப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கேற்ப அது மாறும். ஐஜிசிஎஸ்இ அறிவியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துவடிவத் தாள் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் வசதி.

கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி, கணினியில் விடை எழுதுதல் போன்ற சலுகைகள் வேண்டுமென்றால் மையத்தின் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். நிபுணரின் அறிக்கையோடு, பிள்ளை வழக்கமாகவே அப்படித்தான் படிக்கிறான் என்பதற்கான சான்றையும் கேட்பார்கள். நீங்கள் வாராவாரம் எழுதிவைத்த அந்த ஒற்றை வரிகள் அங்கேதான் கைகொடுக்கும். விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரை அடையாள ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே கொடுங்கள். சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது செலவும் தாமதமும் பிடிக்கிற வேலை.